நெற்றியில் ஊற்றிய தண்ணீர்

சேசு மரி சூசை துணை
ஸ்பிரிங்வெளி, மேல்கணக்கு
14.10.1918

அன்புள்ள அமிர்தம்,

ஊருக்கு நீ ராமாமிர்தம், சிநேகிதி எனக்கு என்றும் அமிர்தம்தான். நீ அனுப்பிய நொய்யரிசி வந்து சேர்ந்தது. உன் வீட்டுக்காரருக்குத் தெரியாமல் கடையிலிருந்து எடுத்தாயா, கள்ளி? இங்கே தேயிலைத் தோட்டத்தில் கூலிக்காரர் குடியிருக்கும் வரிசை வீடுகளில், லயம் லயமாகக் காய்ச்சல் பரவுகிறது. பீயும் சளியும் கழுவிக் கழுவி என் கை வெந்து கிடக்கிறது. பார்த்தால் பக்கத்தில் உட்கார விடமாட்டாய். கூலி ஏதும் கிடையாது, நான் கேட்கவுமில்லை. புருஷன் போன பிறகு சும்மா கிடந்தவளைச் சேசுநாதர் இதற்குத்தான் கூப்பிட்டார்.

உயிர் தங்காது என்று தெரிந்தால் நெற்றியில் தண்ணீர் ஊற்றி, பேர் வைத்து, ஞானஸ்நானம் கொடுத்துவிடுகிறேன். சாகும் நேரத்தில் சுவாமியார் இல்லாவிட்டால் நாங்களே கொடுக்கலாம். லயத்து வீரய்யாவின் சின்னப் பெண் என் மடியிலிருந்தே மோட்சத்துக்குப் போனாள். அன்று சந்தோஷத்தில் எனக்குச் சோறே இறங்கவில்லை.

உன் ராக்கினி


சிவமயம்
பதுளை
19.10.1918

என் ராக்கினிக்கு,

சுகமா? எனக்கு உன்மேல் கொஞ்சம் கோபம். எங்கள் வீட்டு வேலைக்கு வரும் வேலாயியின் அக்கா அங்கம்மா உன் லயத்தில்தான் இருக்கிறாள். அங்கே உனக்கு என்ன பேர் தெரியுமா? தண்ணியம்மா. "அந்தம்மா தண்ணி ஊத்துனா புள்ள தங்காதுங்க" என்று வேலாயி அழுகிறாள். உன்னைக் கண்டாலே பிள்ளைகளை ஒளித்துவைக்கிறார்களாம். சாகப்போகிறவர்களுக்குத்தான் நீ ஊற்றுகிறாய் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன், அவள் கேட்கவில்லை.

கொஞ்ச நாளைக்கு அந்தத் தண்ணீரை நிறுத்தேன். கஞ்சி மட்டும் கொடு. ராக்கினி சின்னம்மா எப்போது வருவாள் என்று என் மகள் சிவகாமி நச்சரிக்கிறாள்.

உன் அமிர்தம்


சேசு மரி சூசை துணை
ஸ்பிரிங்வெளி
24.10.1918

அமிர்தம்,

அங்கம்மா தன் பிள்ளையைக் கொழுந்துக் கூடைக்குள் வைத்துக் கம்பளியால் மூடிவிட்டு, ஊருக்கு அனுப்பிவிட்டதாக என்னிடம் சொன்னாள். நானும் நம்பித் திரும்பினேன். பிள்ளை கூடைக்குள்ளேயே மூச்சுத் திணறிச் செத்தது. மருந்தும் இல்லை, மோட்சமும் இல்லை. இப்போது சொல், நிறுத்தவா?

நிறுத்த மாட்டேன். மூன்று லயத்துக்கும் நான் ஒருத்தி. தண்ணீர் ஊற்றியவர்களிடம் மறுபடி போவதில்லை, அவர்கள் ஆண்டவர் கையில். கஞ்சி பிழைக்கக்கூடியவர்களுக்கு. அதற்கும் சுவாமியார் திட்டுகிறார், ஊற்றிய பிறகும் கஞ்சி கொடு என்கிறார். அவருக்கென்ன, வாளியைத் தூக்கிக்கொண்டு மேடேறுகிறவள் நானல்லவா?

ராக்கினி


சிவமயம்
பதுளை
6.11.1918

ராக்கினி,

சிவகாமிக்குக் காய்ச்சல் என்று ஆள் அனுப்பியதும் மழையில் ஓடி வந்தாய். உன் காலை நானே துடைத்துவிட்டேன். விடியற்காலையில் கண்ணயர்ந்து எழுந்தால் நீ இல்லை. பிள்ளையின் நெற்றி ஈரம், தலையணை ஈரம். கஞ்சி தொடாமல் அடுப்பில் இருந்தது. வேலாயி அந்த ஈரத்தைப் பார்த்து மாரில் அடித்துக்கொண்டாள்.

அந்தக் கஞ்சியைத்தான் நான் ஊட்டினேன். முதலில் கடைவாயில் வழிந்தது. பிறகு விழுங்கினாள். இன்று எழுந்து உட்கார்ந்து கருப்பட்டி கேட்கிறாள்.

நீ ஊற்றிவிட்டுத் திரும்பிப் பார்க்காத லயத்துப் பிள்ளைகளில் எத்தனை பேர் இப்படி விழுங்கியிருப்பார்கள் என்று நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது. இனி என் வீட்டுப் படி ஏறாதே.

அமிர்தம்


ஸ்பிரிங்வெளி
15.11.1918

அமிர்தம்,

சர்வேசுரனுக்குத் தோத்திரம், பிள்ளை பிழைத்தாள். அவளுக்கு மதலேன் என்று பேர் வைத்தேன். ஞானஸ்நானத்தைத் துடைத்துப்போட முடியாது, வளர்ந்ததும் எங்கள் கோயிலுக்கு அனுப்பு.

எனக்குக் காய்ச்சல். ஒருத்தரும் என் கதவைத் திறப்பதில்லை. அங்கம்மா எட்டிக்கூடப் பார்க்காமல் வாசலோடு போகிறாள். நீ எழுதியதை யோசிக்க எனக்குத் தெம்பில்லை. கஞ்சிக்குக் கொஞ்சம் நொய் அனுப்பு. கோபத்தைப் பிறகு வைத்துக்கொள்.

உன் ராக்கினி


பதுளை
18.11.1918

ராக்கினி,

கடிதம் கிடைத்தது. மனசு கேட்காமல் நொய்யை மூட்டை கட்டினேன். யாருக்கு என்று சிவகாமி கேட்டாள். சொன்னேன். "சின்னம்மா தண்ணி ஊத்துறப்ப நான் முழிச்சுத்தாம்மா இருந்தேன். பசிக்குதுன்னு சொன்னேன். போயிட்டாங்க" என்றாள்.

மூட்டையை அவிழ்த்துவிட்டேன். வேலாயி கையில் ஒரு போத்தல் தண்ணீர் கொடுத்தனுப்பியிருக்கிறேன். அவள் அதை வாசலில் வைத்துவிட்டு வந்துவிடுவாள். ஊற்ற ஆள் இருக்காது, நீயே ஊற்றிக்கொள்.

ராமாமிர்தம்