தபேலா இல்லாமல் ஒரு பாட்டு

அன்புள்ள அப்பாவுக்கு ஸ்தோத்திரம்.

அம்மாவின் முழங்கால் வலி குறைந்ததா? நான் நலமாக இருக்கிறேன்.

இங்கே வேங்கிக்கால் சபையில் எல்லாப் பாட்டுக்கும் தபேலா உண்டு. நீங்கள் பாட்டு எடுத்துக் கொடுக்கும் நம் சபையில் வாத்தியமே கூடாது என்று போதகரிடம் சொன்னேன். போன ஞாயிறு அவர் ஒரு பாட்டை வாத்தியம் இல்லாமல் பாட வைத்தார். தபேலா வாசிக்கும் ஏசுபாதம் அண்ணன் கண்ணை மூடி உரக்கப் பாடினார். சுருதி எங்கோ, அவர் எங்கோ. சபையே சிரித்து, பாட்டு பாதியில் நின்றுவிட்டது.

"மன்னிச்சுக்கம்மா, எனக்குக் குரல் கிடையாது. நான் கையாலதான் கர்த்தரைப் பாடுறேன்" என்றார்.

நானே தபேலாவை எடுத்து அவர் முன் வைத்தேன். கோபப்படாதீர்கள் அப்பா.

ஆனால் நம் ஞாயிறு ஆராதனையை ஃபோனில் பதிவு செய்து அனுப்புங்கள். ஃபோனை உங்கள் பக்கத்திலேயே வையுங்கள். ஆபீஸ் வேன் வந்துவிட்டது.

உங்கள் மகள்,
கிருபா