குத்தாத கம்பி நுனி

அக்கா,

நீ அடுத்த கட்டிலில்தான் படுத்திருக்கிறாய். எழுப்பிக் கேட்கப் பயமாக இருக்கிறது, அப்பாவுக்குக் கேட்டுவிடும்.

நாளைக் காலை பள்ளி இசைக்குழுவுக்கு ஆள் எடுக்கிறார்கள். சாயங்காலம் கிட்டாரை எடுத்தால் ஆறு கம்பிகளும் இடம் மாறியிருந்தன. என் இடது கைக்காக நீ ரகசியமாக மாற்றிப் போட்டிருந்தாயே, அவை மறுபடியும் வலது கைக்காரர்களின் வரிசைக்கே போய்விட்டன.

"பீச்சாங்கையால வாசிச்சு என் மானத்த வாங்கப் பாத்தியா? இனிமே சோத்துக்கைதான்," என்றார் அப்பா. அவரே மாற்றிவிட்டார் என்றுதான் நினைத்தேன்.

பிறகு ஆணிகளில் புதிதாகச் சுற்றியிருந்த கம்பி நுனிகளைத் தடவிப் பார்த்தேன். ஒன்றுகூடக் குத்தவில்லை. என் விரலில் ரத்தம் வந்த நாளிலிருந்து நுனியைச் சுருட்டி உள்ளே மடிக்கிறவள் இந்த வீட்டில் நீ மட்டும்தான்.

அன்று எனக்காகக் கம்பி மாற்றும்போது "நான் இருக்கேன்டி, பயப்படாத" என்று சொன்னதும் நீதான்.

என்னைக் காட்டிக்கொடுக்கும்போதும் என் விரலை நினைத்திருக்கிறாய். அதைத்தான் தாங்க முடியவில்லை.

இவ்வளவு நேரம் போர்வைக்குள் கிட்டாரைத் திருப்பிப் பிடித்து, சத்தம் வராமல் விரல் வைத்துப் பழகினேன். எல்லாம் தலைகீழாக இருக்கிறது. ஒரு பாட்டு மட்டும் பிடிபட்டிருக்கிறது. நாளை அதை இடது கையாலேயே வாசிப்பேன்.

வேண்டுமானால் இதையும் அப்பாவிடம் காட்டு. எழுதியதும் அதே கைதான்.

நேற்றுவரை உன்னை நம்பிய
தங்கை