கவிழ்த்து ஒட்டிய கிளி

கை நிறையப் பசையும் வாய் நிறைய வசவுமாகவே இருந்த என் விமலா மதினிக்கு,

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு உன் மேல் கோபம். நெஞ்சு வலிக்கிறது, நெஞ்சு வலிக்கிறது என்று ஒரு சாயங்காலம் முழுக்கச் சொல்லிக்கொண்டே டைல்ஸ் ஓடு வெட்டினாயே, எழுந்து ஆஸ்பத்திரிக்குப் போனால் என்ன? "வாயுவா இருக்கும், ஒரு சோடா குடி" என்றான் அண்ணன். நீயும் குடித்தாய். உனக்கு அவன் பேச்சைக் கேட்கிற பழக்கமே கிடையாதே மதினி! சோழபுரத்திலிருந்து கல்யாணமாகி வந்த நாள் முதல் கேட்காதவள், அந்த ஒரு நாள் மட்டும் எதற்குக் கேட்டாய்?

அண்ணன் மேலும் கோபம்தான். வாங்கிக்கொடுத்த சோடா மேலும் கோபம். உன் படத்துக்கு மாலை போட்டுவிட்டு, "சுமங்கலியாப் போயிட்டா, கொடுத்து வச்சவ" என்று காப்பி குடித்தார்களே, அவர்கள் எல்லார் மேலும் கோபம். செத்துப்போவதில் என்ன கொடுத்து வைத்தது?

இதைப் பத்திரிகைக்கு அனுப்பப்போகிறேன். ஊர் படிக்கும். அண்ணன் பெண்டாட்டியை நீ, வா, போ என்று எழுதலாமா என்று அம்மா சத்தம் போடுவாள். நாலு பேருக்கு முன்னால் உன்னை நீங்க, வாங்க என்றுதான் கூப்பிட்டேன். ஷெட்டுக்குள் வந்து கட்டரைக் கையில் எடுத்துவிட்டால் நீதான். இந்தக் கடிதத்தை ஷெட்டில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன்.

ஷெட் அப்படியேதான் இருக்கிறது. ராஜபாளையத்தில் பிறந்துவிட்டு நாய் வளர்க்காமல் இருப்பதா என்று அண்ணன் வீம்புக்குக் கட்டியது. நாய்கள் போன பின்னும் அதற்கு நாய் ஷெட் என்றே பேர். நீ அதைக் கழுவி, வெள்ளையடித்து, டைல்ஸ் கடையில் உடைந்து கிடந்ததை எல்லாம் கோணிப்பையில் கட்டிவந்து கலர் கலராகப் பிரித்து வைத்தாய். தெருவில் உனக்குப் பீங்கான் பொறுக்கி என்று பட்டப்பேர் வந்தது. அப்படிப் பேர் வைத்தவர்களே பொறவு வரிசையில் வந்தார்கள். வாசலுக்குப் பேர்ப் பலகை, பூஜை ரூமுக்குக் கோலம், கண்ணாடிக்குச் சட்டம், சீருக்குத் தட்டு. நீ எல்லாருக்கும் ஓட்டுத் துண்டுகளை ஒட்டிச் செய்து கொடுத்தாய். நானாக இருந்தால் கொடுத்திருக்க மாட்டேன்.

வேலைக்கு உட்காரும் முன் உன் கண்ணாடி வளையல்களைக் கழற்றி ஆணியில் மாட்டுவாயே, அன்றைக்கும் மாட்டியிருந்தாய். உன்னை அப்படியே தூக்கிக்கொண்டு ஓடினோம். யாரும் அதை எடுக்கவில்லை. வெகுநாள் அந்த ஆணியிலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

என் வீட்டுக்காரர் மிலிட்டரியில் இருந்து லீவில் வந்தபோது பைக் விபத்தில் போனார். காரியம் எல்லாம் முடிந்து நான் அம்மா வீட்டு மூலையில் கிடந்தேன். என்னை ஷெட்டுக்குக் கையைப் பிடித்து இழுத்து வந்தது நீதான். "ஏட்டி கோமதி, அழுகுறதுன்னா இங்க வந்து அழு. கை மட்டும் சும்மா இருக்கக் கூடாது" என்றாய். சம்மணம் போட்டு உட்கார வைத்து ஒரு சுத்தியலைக் கையில் கொடுத்தாய். அன்று நான் உடைத்த ஓடு மாதிரி என் ஜென்மத்தில் எதையும் உடைத்ததில்லை. உனக்கு ஒரு துண்டுகூட உருப்படியாகத் தேறவில்லை. நீ இன்னொரு ஓட்டை எடுத்து என் முன்னால் வைத்தாய்.

சரி, நீ பாதியில் விட்டுப்போன ஆண்டாளுக்கு வருகிறேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் புதுசாகக் கட்டின கல்யாண மண்டபத்துக்கு, வாசல் தாண்டியதும் இருக்கிற பெரிய சுவருக்கு நீ வாங்கிய வேலை. அவ்வளவு பெரிய படத்தைப் பலகையில் ஒட்டித் தூக்க முடியாது. அதனால் ஆஸ்பத்திரிக்குப் பேண்டேஜ் துணி நெய்கிற அண்ணன் தறியில் கழித்துப்போட்ட துணியைத் தரையில் சதுரம் சதுரமாக விரித்தாய். ஒவ்வொரு ஓட்டுத் துண்டையும் பளபளக்கிற முகம் கீழே போகும்படி கவிழ்த்து, மைதாப் பசையால் ஒட்டினாய். சுவரில் சிமெண்டு பூசி, சதுரங்களை அதில் அழுத்தி, காய்ந்ததும் வெந்நீர் ஊற்றித் துணியை உரிக்க வேண்டும். அப்போதுதான் முகம் வெளியே தெரியும். தரையில் வலதாக இருந்தது சுவரில் இடதாக வரும். இதற்கு முன்னால் எல்லாமே பலகையில் நேராக ஒட்டியவைதான். கவிழ்த்து ஒட்டியது இதுதான் முதல் தடவை. உன்னையும் என்னையும் தவிர வீட்டில் யாருக்கும் அந்த வித்தை தெரியாது.

தரையில் பார்த்தால் அங்கே ஒரு படமும் இல்லை. ஓட்டின் முதுகுதான், எல்லாம் ஒரே வெள்ளை; இடுக்குகளை வைத்து உருவத்தைக் குத்துமதிப்பாகத்தான் கண்டுபிடிக்கலாம். கிளிக்கு மட்டும் நீ வளையல் துண்டு வைத்தாய். கண்ணாடி எந்தப் பக்கம் பார்த்தாலும் பச்சை. ஊறுகாய் பாட்டிலில் வருஷக்கணக்காகப் பத்திரப்படுத்தி வைத்திருந்த துண்டுகள் அவை. எங்கிருந்து வந்தவை என்று உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். மற்றவர்களுக்குக் கடைசியில் சொல்கிறேன்.

நீ போன பின் மிச்சத்தை நான் ஒட்டி முடித்தேன். சுவரின் அடிப்பூச்சு காய்ந்துவிட்டதா என்று பார்க்க ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போய்விட்டு, மத்தியானம் பஸ்ஸில் திரும்பி வந்தேன். ஷெட் திறந்து கிடந்தது. உள்ளே அண்ணன், கையில் ஸ்க்ரூ டிரைவர். கிளி இருந்த சதுரத்தில் கிளி இல்லை. பசை ஒட்டின துணி மட்டும் பிய்ந்து கிடந்தது.

எனக்கு அப்போது வந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

"என்னண்ணே செஞ்சு வச்சிருக்க?"

"கத்தாதட்டி. மண்டபத்து மொதலாளி வந்து பாத்துட்டுப் போறாரு. ஆண்டாளுக்குக் கிளி இடது கையிலன்னு எங்க ஊருல கைப்பிள்ளைக்குக்கூடத் தெரியும், உங்க வீட்டம்மா வலது கையில வச்சிருக்காகளேங்காரு. எனக்கு நாக்கப் புடுங்கிக்கிடலாம்போல ஆயிருச்சு. அவளுக்குக் கடைசில புத்தி எங்கிட்டோ இருந்திருக்கு."

"கவுத்து ஒட்டிருக்குண்ணே! செவத்துல ஏத்துனா இடது கைக்கு வந்துரும்!"

"செத்தவளுக்கு நீ வக்கீலா? மனுசிதான் போயிட்டா, பேராவது கெடாம இருக்கட்டும்னுதான் பேத்து எடுத்தேன். பச்சை டைல்ஸு வெட்டி அந்தப் பக்கம் வச்சுக்கிடலாம்."

"அந்தப் பக்கம் கை கீழ தொங்குது. கிளிய எங்க உக்கார வைக்கப் போற?"

அவன் குனிந்து பார்த்தான். "தோள்ல உக்கார வச்சுக்கிடலாம்" என்றான்.

சிரிக்கிறாயா மதினி? எனக்குச் சிரிப்பு வரவில்லை. இத்தனை வருஷம் உன்னோடு குடும்பம் நடத்தினவன். நீ ஒரு கோலத்தைக்கூட ஒரு புள்ளி தப்பாக வைக்க மாட்டாய் என்று அவனுக்குத் தெரியாதா? யாரோ வந்து ஒரு வார்த்தை சொன்னதும் நீ புத்தி கெட்டுப் போனவளாகிவிட்டாய். நெஞ்சு வலி வாயு ஆன மாதிரி. நீ சொன்னது எதையுமே அவன் நீ சொன்னபடி எடுத்துக்கொண்டது கிடையாது.

"வளையல் துண்டெல்லாம் எங்க?" என்றேன்.

"அந்தக் குப்பையா? சிமெண்டுச் சாக்குல அள்ளிப் போட்டேன். ஒடஞ்ச வளையல் சாமி படத்துக்கு ஆகுமாட்டி?"

அவனை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினேன். அண்ணன் என்றும் பார்க்கவில்லை. சாக்கைத் தரையில் கொட்டி, தூசியும் பசையுமாகக் கிடந்ததில் பச்சைத் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினேன். விரலெல்லாம் கீறல். கிண்ணத்தில் தண்ணீர் வைத்துக் கழுவினேன். சிறகுக்கு வளைவானது, வாலுக்கு நீளமானது என்று நீ பிரித்து வைத்திருந்த ஒழுங்கு என் கைக்கு ஞாபகம் இருந்தது. கிளியைப் பழைய இடத்திலேயே, பார்க்கிறவன் கண்ணுக்குத் தப்பாகவே, மறுபடியும் கவிழ்த்து ஒட்டினேன். ஷெட்டைப் பூட்டிச் சாவியை ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டேன்.

மண்டபத்து முதலாளிக்குப் போன் போட்டேன். "கிளி வலது கைக்கு வந்துச்சுன்னா நானே சுத்தியலக் கொண்டாந்து இடிச்சுத் தாரேன். அதுவரைக்கும் எங்க மதினியப் பத்தி ஒரு வார்த்தை பேசாதீய" என்றேன். அவருக்கும் திறப்பு விழா நெருங்கிவிட்டது. வேறு வழியில்லாமல் சரி என்றார்.

சுவரில் ஏற்றின அன்று அண்ணனும் வந்தான். கையைக் கட்டிக்கொண்டு தூணோரம் நின்றான், நான் தோற்பதைப் பார்க்க வந்தவன் மாதிரி. கொத்தனார்கள் சதுரங்களைப் பிடித்துக் கொடுக்க, நான் அழுத்தி உட்கார வைத்தேன். நன்றாக இறுகின பிறகு இன்னொரு நாள், அண்ணனும் முதலாளியும் பார்த்துக்கொண்டு நிற்க, வெந்நீர் ஊற்றித் துணியை மேலிருந்து உரித்தேன். பசைத் தண்ணீர் கஞ்சி மாதிரி வழிந்தது. முதலில் சாய்ந்த கொண்டை வந்தது. அப்புறம் நெற்றி, நீ மஞ்சள் ஓட்டில் எடுத்த கன்னம். அதற்கும் கீழே துணியை விரல்கடை விரல்கடையாகத்தான் உரித்தேன், மதினி. கவிழ்த்தால் மாறும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் அப்படித்தான் உரித்தேன்.

கிளி இடது கையில் இருந்தது. இடது கையில்தான் இருந்தது!

முதலாளி போனை எடுத்துப் படம் பிடித்தார். அண்ணன் சிமெண்டு மூட்டை மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டான். "நான் பேத்துட்டேனேட்டி, நான் பேத்துட்டேனே" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தான். நான் பக்கத்தில் போகவில்லை. அழட்டும் என்று விட்டுவிட்டேன். அவனை ஆற்றுகிற வேலையை நீ பார்த்தது போதும்.

அவன் அழுததைப் பார்த்து அவன் திருந்திவிட்டான் என்று நினைத்துவிடாதே. திறப்பு விழாவில் மைக்கில் அவனைக் கூப்பிட்டு, இவர் வீட்டில் செய்த வேலை என்று பொன்னாடை போர்த்தினார்கள். என் பெண்டாட்டி செய்தது, என் தங்கச்சி ஏற்றினது என்று ஒரு வார்த்தை சொல்ல வாய் வரவில்லை அவனுக்கு. கும்பிட்டுவிட்டு இறங்கி வந்தான். வீட்டுக்கு வந்து அந்தப் பொன்னாடையை உன் படத்தின் மேல் போட்டான். நான் எடுத்து மடித்து அவன் பீரோவிலேயே வைத்துவிட்டேன். உனக்கு அது வேண்டாம் என்றுதான் எடுத்தேன். சரிதானே?

அதைவிடப் பெரிய கூத்து ஒன்று நடந்தது. ஆண்டாளுக்கு முன்னால் குத்துவிளக்கு ஏற்றப் போகிறார்கள். வெள்ளைச் சிமெண்டு ஒரு இடத்தில் பிசிறு தெரிந்தது, துடைக்கலாம் என்று நான் கிட்டே போனேன். முதலாளி வீட்டம்மா ஓடி வந்தார். நல்ல மனுஷிதான், சிரித்த முகமாகத்தான் சொன்னார். "தப்பா நெனச்சுக்கிடாதீய. மொதல்ல சுமங்கலிகள் வெளக்கு ஏத்தட்டும். நீங்க செத்த அங்கிட்டு நில்லுங்க, பொறவு வரலாம். கல்யாண மண்டபம் பாருங்க."

நான் அண்ணனைப் பார்த்தேன். அவன் பொன்னாடையைச் சரிசெய்துகொண்டிருந்தான். அம்மாவைப் பார்த்தேன். அவள் கண்ணாலேயே என்னைத் தள்ளி நிற்கச் சொன்னாள். பெற்றவள்!

நான் தள்ளித்தான் நின்றேன். பாத்திரம் கழுவுகிற இடத்துக்குப் போகிற வழியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பட்டுச்சேலையும் மல்லிகைப்பூவுமாக ஒவ்வொருத்தியாக வந்து விளக்கேற்றினாள். ஏற்றிவிட்டுக் கிளியைப் பார்த்து, "அம்மாடி, என்ன பச்சை!" என்று தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். உனக்கு அந்தக் காட்சியைக் காட்டியிருக்க வேண்டும். நீ அங்கேயே விழுந்து விழுந்து சிரித்திருப்பாய், அல்லது விளக்கைத் தூக்கி எறிந்திருப்பாய். நான் இரண்டும் செய்யவில்லை. வீட்டுக்கு வந்து இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன்.

அதனால் இப்போது ஊருக்குச் சொல்கிறேன். கேட்டுக்கொள்ளட்டும்.

என் வீட்டுக்காரர் காரியத்தன்று எனக்குக் கை நிறையப் பச்சை வளையல் அடுக்கினார்கள். பிறந்த வீட்டு வளையல். அதை வாங்கி வந்து போட்டுவிட வேண்டியது அண்ணன் பெண்டாட்டியான நீ. போட்டுவிட்டாய். உன் கண்ணீர் என் மணிக்கட்டில் விழுந்தது. அடுக்கின கொஞ்ச நேரத்தில் பெரியவர்கள் என் கையைப் பிடித்து அத்தனையையும் உடைத்தார்கள். எல்லாரும் குளிக்கப் போனார்கள். நீ மட்டும் முற்றத்தில் உட்கார்ந்து, ஒரு துண்டு விடாமல் பொறுக்கி மடியில் கட்டிக்கொண்டாய். "சும்மா விடுறதா இத?" என்றாய். வருஷக்கணக்காக விடாமல் வைத்திருந்தாய்.

அந்தக் கிளி என் வளையல்தான். எந்தக் கையைத் தள்ளி நிற்கச் சொன்னார்களோ, அந்தக் கையிலிருந்து உடைத்தது. இனி அந்த மண்டபத்தில் தாலி கட்டிக்கொள்கிற ஒவ்வொரு பெண்ணும் அதற்கு முன்னால் நின்றுதான் போட்டோ எடுத்துக்கொள்வாள். எடுத்துக்கொள்ளட்டும், நன்றாக இருக்கட்டும். என் வளையல் ஒருத்தி வாழ்க்கையையும் கெடுக்காது.

இதைப் படித்துவிட்டு அவர்கள் கிளியை இடித்தாலும் இடிப்பார்கள். நான் பயப்படவில்லை. உனக்கு வாக்குக் கொடுக்கிறேன் மதினி: இடித்தால் சாக்கோடு போவேன். ஒரு துண்டு விடாமல் பொறுக்கி வருவேன். இதே ஷெட்டில், இதே பேண்டேஜ் துணியில், மறுபடியும் கவிழ்த்து, இடது கைக்கு வருகிற மாதிரிதான் ஒட்டுவேன்.

ஆணியில் நீ மாட்டிவிட்டுப் போன வளையல்களைப் போட்டிருக்கும்,
உன் நாத்தனார்
கோமதி