ஏழு பி-யின் தைல வாசம்

அறிவியல் விடைத்தாள்களைத் திருத்திப் பள்ளியில் ஒப்படைத்துப் பத்து நாளாகிறது. எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் நீலகிரித் தைல வாசம் இன்னும் போகவில்லை. "உனக்குச் சளியா?" என்று கேட்கிறார் என் வீட்டுக்காரர். ஏப்ரல் வெயிலில் யாருக்குச் சளி பிடிக்கும்? ஆமாம் என்று சொல்லி வைத்தேன். அது ஏழாம் வகுப்பு பி பிரிவின் வாசம், அதாவது உன் வாசம் என்று சொன்னால் நேராக டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போய்விடுவார்.

இந்த மராத்தி ஊரில், நம் பள்ளி ஆசிரியர் அறையில் தமிழ் பேச நாம் இரண்டு பேர்தான். நீ திருநெல்வேலி, நான் கோயம்புத்தூர். நாம் பேசுவதைக் கேட்டு மற்றவர்கள் சண்டை என்றே நினைத்தார்கள், பாதி நாள் அது உண்மையும்கூட. உனக்கு சைனஸ். ஒவ்வொரு மே மாதமும் ஊரிலிருந்து உனக்காக ஒரு பாட்டில் நீலகிரித் தைலம் வாங்கி வருவேன். மதியச் சாப்பாடு முடிந்ததும் நெற்றிப்பொட்டில் தடவிக்கொண்டு உன் வகுப்புக்குக் கிளம்புவாய். "ஏட்டி, மத்தியானம் ஆச்சுன்னா மண்டைக்குள்ள எவனோ உரல்ல போட்டு இடிக்கான்" என்பாய். அந்தத் தலைவலியோடு தாழ்ந்த குரலில் நீ கணக்குச் சொல்லித்தர, பிள்ளைகள் முன்னால் சாய்ந்து கேட்பார்கள். என் குரல் வேறு. "நீ கீழ பாடம் எடுத்தா மாடிக்குத் தனியா டீச்சர் வேண்டாம்ட்டி" என்று எத்தனை முறை கிண்டல் செய்திருப்பாய்!

தீபாவளி விடுமுறை முடிந்து பள்ளி திறந்த வாரம், ஒரு நாள் காலையில் நீ எழுந்திருக்கவில்லை. தூக்கத்திலேயே போய்விட்டாய். உன்னை வழியனுப்பிவிட்டு வந்த மறுநாள் பிரின்சிபால் என்னைக் கூப்பிட்டு, ஏழு பி-க்கு இனி நான்தான் வகுப்பாசிரியர் என்றார்.

முதல் நாள் மதியம் அந்த அறைக்குள் நுழைந்தேன். உன் மேஜையருகே போனதும் வாசம் வந்தது. பழைய வாசமில்லை, இப்போதுதான் யாரோ தடவிக்கொண்டு எழுந்து போன மாதிரி. பாடம் எடுக்க வாயைத் திறந்தேன், குரல் வரவில்லை. மறுநாளும் அப்படித்தான். அறிவியல் டீச்சர் இல்லையா, காரணம் தேடினேன். ஜன்னலுக்குப் பின்னால் யூகலிப்டஸ் மரம் இருக்கிறதா என்று எட்டிப் பார்த்தேன். தரை துடைக்கும் ஆயா மாவுஷியிடம் தண்ணீரில் என்ன கலக்கிறார் என்று விசாரித்தேன். ஒன்றும் அகப்படவில்லை. காலையில் இல்லாத வாசம் மதியம் சாப்பாட்டு மணிக்குப் பிறகு வந்துவிடும்.

எனக்குப் பயம் வரவில்லை, ஆற்றாமைதான் வந்தது. இத்தனை வருஷம் ஒரே டப்பாவில் சாப்பிட்டவள் நான். வருவதானால் என்னிடமல்லவா வந்திருக்க வேண்டும்? பிறகு அதுவும் பழகிவிட்டது. மதியம் வகுப்புக்குள் போகும்போது மனசுக்குள் உன்னிடம் ஒரு வார்த்தை பேசிவிட்டுப் போவேன். பிள்ளைகளும் தாழ்ந்த குரலில்தான் பேசினார்கள். பார்வை மட்டும் என் முகத்தில் நிற்காது, எனக்குச் சற்றுப் பின்னால் போய் நிற்கும். திரும்பிப் பார்க்கத் தோன்றும். சில நாள் பார்த்துமிருக்கிறேன்.

பரீட்சைக்குக் கொஞ்ச நாள் முன்பு, மணி அடிப்பதற்குள் போய்விட்டேன். தியா உன் மேஜையருகே குனிந்துகொண்டிருந்தாள். உனக்குத் தெரியுமே, வகுப்பில் இருக்கும் ஒரே தமிழ்ப் பிள்ளை, நீ தமிழில் கேட்டால் இந்தியில் பதில் சொல்லித் தப்பிக்கிறவள். அவள் கையில் நான் வாங்கித் தந்த பாட்டில். விரலில் ஒரு சொட்டு எடுத்து மேஜை விளிம்பின் அடியில் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன பண்றே?" என்றேன். கத்தித்தான் கேட்டேன்.

அவள் பதறவில்லை. "இன்னைக்கு என் டர்ன், மிஸ்" என்றாள். "இது போட்டா மிஸ் வருவாங்க. போடலன்னா... வர மாட்டாங்க."

உன் மேஜை இழுப்பறையில் பாட்டிலைக் கண்டுபிடித்த நாளிலிருந்து, முறை வைத்துச் செய்கிறார்களாம். விடைத்தாள்களில் ஏறியிருப்பதும் அந்த விரல்களின் வாசம்தான். எனக்கு ஏமாந்த கோபம் வந்தது. அத்தனை மாதம் நான் உன்னிடம் பேசியதாக நினைத்ததெல்லாம் ஒரு சொட்டுத் தைலத்தோடு அல்லவா? பாட்டிலைப் பிடுங்கவும் மனசில்லை. மூடச் சொல்லிவிட்டுப் பாடம் எடுத்தேன். அன்றும் உன்னிடம் ஒரு வார்த்தை பேசினேன் என்பதை மறைக்க மாட்டேன்.

பிறகு ஆண்டுக் கடைசிக் கூட்டம் வந்தது. வழக்கம்போல வடாபாவும் மாங்காய்ப் பன்ஹே சர்பத்தும். பிரின்சிபால் அடுத்த வருஷச் செய்திகளைச் சொன்னார்: எட்டாம் வகுப்புக்குப் புது ஆய்வுக்கூடம், எல்லா வகுப்பிலும் செக்ஷன்களைக் கலைத்துப் போடுவது. அப்புறம் 'கௌதுக்', ஒவ்வொரு ஆசிரியரையும் நிறுத்திவைத்து, ஒரு ரோஜா கொடுத்து, இரண்டு வார்த்தை பாராட்டும் நேரம். "ரிசல்ட் குறைஞ்ச வருஷம் பாரு, ரோஜாப்பூ பெரிசா இருக்கும்" என்று நீ என் காதில் சொல்லிச் சிரிப்பாயே, அதுதான். பக்கத்து நாற்காலியில் யாரும் உட்காரவில்லை. நானும் உட்காரச் சொல்லவில்லை.

என் முறை வந்தது. டீச்சரை இழந்த பிள்ளைகளை இவ்வளவு அமைதியாக வைத்திருந்தது என் அன்புதான் என்றார் பிரின்சிபால். எல்லோரும் கை தட்டினார்கள். அதனால் ஏழு பி-யை மட்டும் கலைக்கப் போவதில்லை, அப்படியே எட்டு பி ஆகும், வகுப்பாசிரியர் நான்தான் என்றார். எனக்கு எப்படி இருந்தது தெரியுமா? சந்தோஷமாக இருந்தது. இன்னும் ஒரு வருஷம் மதியமானால் நீ வருவாய்.

அந்தச் சந்தோஷம்தான் என்னைப் பயமுறுத்தியது. இன்னும் ஒரு வருஷம் அந்தப் பிள்ளைகள் என் தோளுக்குப் பின்னால் பார்த்துக்கொண்டே பாடம் படிப்பார்கள். செத்துப்போனவளைக் காவல் காப்பது பதின்மூன்று வயதுப் பிள்ளைகள் செய்கிற வேலையா? கூட்டாளிகளைப் பிரிக்காதீர்கள் என்று வருஷா வருஷம் கெஞ்சும் பெற்றோருக்காக நான் வாதாடுவேன், நீ மறுப்பாய். "தண்ணி ஒரே இடத்துல நின்னா பாசி பிடிச்சுரும்ட்டி. கலைச்சு விடு, பிள்ளைக ஓடட்டும்." அதற்காக உன்னோடு இரண்டு நாள் பேசாமல்கூட இருந்திருக்கிறேன்.

ரோஜாவைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னேன்: "ஏழு பி-யையும் கலைச்சுடுங்க, மேடம்."

அந்தப் பிள்ளைகள் பட்டது போதாதா என்று கேட்டார் பிரின்சிபால். பட்டது போதும் என்றுதான் கேட்கிறேன் என்றேன். தைலத்தைப் பற்றி மூச்சு விடவில்லை. என்னை ஒரு மாதிரி பார்த்தார், பட்டியலில் திருத்தி எழுதிக்கொண்டார். உட்கார்ந்தேன். உன்னை இரண்டாம் முறை சுடுகாட்டுக்கு அனுப்பியது நான்தான் என்று தோன்றியது. இப்போதும் அந்த நினைப்பு போகவில்லை.

கடைசி நாள் வகுப்பில் செக்ஷன்களைப் படித்தேன். அழுவார்கள், சண்டை போடுவார்கள் என்று தயாராகத்தான் போனேன். ஒருவரும் அழவில்லை. திரும்பித் திரும்பி ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் தியா எழுந்தாள். இந்தியில் கேட்டிருக்கலாம். மற்றவர்களுக்குப் புரியக் கூடாதென்றோ என்னவோ, தட்டுத்தடுமாறித் தமிழில் கேட்டாள்.

"நாங்க எல்லாம் வேற வேற போறோம். அப்போ மிஸ் எந்த செக்ஷன்?"

அப்படியெல்லாம் ஒன்றும் கிடையாது என்று சொல்வதுதான் அறிவியல் டீச்சருக்கு அழகு. அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"என்கூட வர்றாங்க" என்றேன்.

என்னை மேலும் கீழும் பார்த்தாள். என்னை நம்பி ஒப்படைக்கலாமா என்று யோசிக்கிற பார்வை. இத்தனை மாதத்தில் அந்தக் கண்கள் என் முகத்தில் நின்றது அன்றைக்குத்தான்.

"மத்தியானம் மிஸ்க்குத் தலை வலிக்கும்" என்றாள். "நீங்க... சத்தம் போட வேண்டாம்."

சரி என்றேன். அன்றிலிருந்து மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, வீட்டில்கூட, நான் மெதுவாகத்தான் பேசுகிறேன்.