ஸ்டெல்லாவைக் கேட்காமல் வாங்கிய மெஷின்

எல்லாருக்கும் பிரியமான என் தங்கச்சி ஸ்டெல்லாவுக்கு,

"எல்லாருக்கும்" என்று எழுதும்போதே பேனா கொஞ்சம் அழுத்துகிறது. என்ன செய்வது, உண்மை அதுதானே. நீ போய் இருபது மாதமாகிறது. இன்னமும் அம்பிட்டிய சந்தியில் என்னைப் பார்க்கிறவர்கள் "ஸ்டெல்லா மிஸ்ஸோட அக்காதானே நீங்க?" என்றுதான் கேட்கிறார்கள். மாநகர சபையில் பத்தொன்பது வருடமாகக் கிளார்க்காக உட்கார்ந்திருக்கிற எனக்கு ஜெசிந்தா என்று ஒரு பெயர் இருப்பது யாருக்காவது தெரியுமா? நீ நர்ஸ். ஊசி குத்தினாலும் உன்னைப் பிடித்தது. நான் வரிப் பத்திரம் கொடுக்கிறவள். என்னை யாருக்குப் பிடிக்கும்?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நாலே நாள் காய்ச்சலில் நீ போனாய். உன் அடக்கத்துக்குக் கோயில் வாசல் கொள்ளாத கூட்டம். நான் அழுதுகொண்டே நின்றேன். அழுதுகொண்டே, எனக்கு இதில் கால்வாசிப் பேர் வருவார்களா என்றும் நினைத்தேன். பாவசங்கீர்த்தனத்தில்கூட இதை நான் சொல்லவில்லை. உன்னிடம்தான் சொல்கிறேன்.

சரி, அப்பாவின் கதைக்கு வருகிறேன். அவருக்கு இழுப்பு கூடிவிட்டது. மருந்துப் பம்ப்பை வாயில் வைத்தால் உறிஞ்சி இழுக்கத் தெம்பில்லை. நீ இருந்தபோது நீளக் குழாயை மாட்டி, "இழுங்க, பிடிங்க, விடுங்க" என்று நீ சொன்னால் பிள்ளை மாதிரி செய்தார். அதே குழாய், அதே வார்த்தை, நான் சொன்னால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். ஒவ்வொரு தடவையும் நம் வீட்டிலிருந்து ரோட்டுக்கு இறங்குகிற அந்த நாற்பத்தேழு படியில் இரண்டு பேர் கதிரையோடு தூக்கி இறக்கி, த்ரீவீலில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. போன மாதம் டாக்டர், வீட்டிலேயே ஒரு மெஷின் வைத்துக்கொள்ளுங்கள் என்று சீட்டு எழுதித் தந்தார்.

அந்தச் சீட்டை உடனே ரிஸானாவிடம் காட்டியிருக்கலாம். உன் வார்டில் உன்னோடு வேலை செய்த திகன ரிஸானாதான். ஆனால் போனால் உன் புராணத்தைக் கேட்க வேண்டிவரும். எனக்கென்ன தெரியாதா என்று நானே டவுனுக்குப் போனேன். கடையில் என்ன கேட்டேன் தெரியுமா? "ஆவி பிடிக்கிற மெஷின் ஒண்ணு தாங்க." நம் ஆட்கள் எல்லாரும் அப்படித்தானே சொல்கிறோம், நீ மட்டும்தான் நெபுலைசர் என்று சரியாகச் சொல்வாய். கடைக்காரப் பெண்ணும் நல்ல பெண். கேட்டதையே எடுத்துத் தந்தாள். பெட்டியில் பளபளவென்று ஒரு பெண் முகம் போட்டிருந்தது. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டாமா?

அது வெறும் தண்ணீரைக் கொதிக்க வைத்து முகத்துக்கு ஆவி விடுகிற சாமான், ஸ்டெல்லா. பார்லரில் வைத்திருப்பார்களே, அது. மழை பெய்த ஒரு பின்னேரம் அப்பாவுக்கு இழுக்கத் தொடங்கியது. நான் பெருமையாக அதைக் கொண்டுவந்து முன்னால் வைத்தேன். சூட்டு ஆவி நெஞ்சுக்குள் போனதும் இருமல் பிடித்துக்கொண்டது. உதடு கறுத்துவிட்டது. கையால் மெஷினைத் தள்ளிவிட்டு, இருந்த கொஞ்ச மூச்சிலும் அவர் சொன்னது என்ன?

"சின்னவள கூப்பிடு."

நீ இல்லை என்று அவருக்குத் தெரியும். புத்தி தெளிவாகத்தான் இருக்கிறது. இருந்தும் கேட்டார். பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து தூக்கினார்கள், ஆஸ்பத்திரியில் ஒட்சிசன் வைத்தார்கள், பிழைத்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. உன்மேல் அப்படி ஒரு எரிச்சல். செத்தும் விடமாட்டாயா நீ? என் கையால் அவர் மூச்சு நின்றிருந்தால் நான் எந்த முகத்தோடு இருந்திருப்பேன்?

ரிஸானா அங்கேதான் என்னைப் பிடித்தாள். சிரித்தாள், ஆனால் திட்டவில்லை.

"ஜெசி அக்கா, ஆவி வேற, நெபுலைசர் வேற. ஆவி சூடு, அது மூக்கடைப்புக்கு. இதுல சூடே இல்ல. மருந்துத் தண்ணிய பனி மாதிரி ஆக்கி நெஞ்சுக்குள்ளுக்கு அனுப்புது. சும்மா தண்ணி ஊத்தவும் ஏலாது, டாக்டர் எழுதின மருந்துதான், எழுதின அளவுதான்."

டியூட்டி முடிந்து அவளே என்னோடு பாமசிக்கு வந்தாள். இரண்டு மாதிரி எடுத்துப் போட்டார்கள். ஒன்று உள்ளங்கைக்குள் அடங்குகிற சின்னது. சத்தமே கிடையாது, பெட்டரியில் ஓடும். மற்றது டிபன் பெட்டி அளவு. குழாய் ஒன்று மாட்டி, கரண்டில் போட்டால் தடதடவென்று கத்துகிறது.

"ஸ்டெல்லான்டா சின்னதத்தான் எடுத்திருப்பா. புதுசா வந்ததெல்லாம் அவக்குப் பிடிக்கும்," என்றாள் ரிஸானா. எனக்குச் சுருக்கென்றது. அந்த நேரம் பார்த்து அவள் ஒவ்வொன்றாகக் கேட்கத் தொடங்கினாள். "அப்பாட கை நடுங்குமா?" நடுங்கும், தேத்தண்ணிக் கோப்பையைப் பாதிக்குமேல் நிரப்பினால் சிந்தும். "நிமிர்ந்து ஈப்பாரா?" இடது பக்கம் சாய்ந்துதான் இருப்பார், தலையணை வைத்தால்தான் நேராவார். "ஆட்டாம பிடிச்சபடியே ஈக்காட்டி சின்னதுல மருந்து சரியா வராது. அதுல சல்லடை மாதிரி நுண்ணிய ஓட்டை, ஒவ்வொரு முறையும் பக்குவமா கழுவாட்டி அடைச்சுக்கும். யாரு கழுவுற?" நான்தான். நான் வேலையில் இருந்தால்? பக்கத்து வீட்டுக்கார அம்மா, அவருக்குக் கண் மங்கல். "கரண்ட் போனா?" போகும், அம்பிட்டியவில் மழைக்குப் போகாத கரண்டா?

எல்லாக் கேள்விக்கும் என்னிடம் பதில் இருந்தது, ஸ்டெல்லா. உனக்கு இவ்வளவும் தெரிந்திருக்குமா? நீ வந்து மருந்து கொடுத்துவிட்டு டியூட்டிக்குப் போய்விடுவாய். கோப்பையை எதுவரை நிரப்புவது என்று உனக்கு யார் சொன்னது?

நான் பெரியதையே காட்டினேன். முகத்தில் கட்டிவிடுகிற மாஸ்க்கோடு எடுத்தேன். வாயில் கடித்துப் பிடிக்கிற குழல் அவருக்குச் சரிவராது. வடிகட்டியும் மருந்துக் கிண்ணமும் தனியாகக் கிடைக்குமா என்று கேட்டு, அதையும் உறுதிப்படுத்திக்கொண்டேன். கரண்ட் போனால் பழையபடி பம்ப்பும் நீளக் குழாயும், அதற்கும் கேட்காவிட்டால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரி என்று ரிஸானா எழுதித் தந்த தாளை அலுமாரிக் கதவில் ஒட்டியிருக்கிறேன். என் கையெழுத்தில் திரும்ப எழுதித்தான் ஒட்டினேன். அவள் எழுத்து உன் எழுத்து மாதிரியே இருந்தது.

போன ஞாயிறு பூசை முடிந்து வந்த நேரம் அப்பாவுக்கு லேசாக இழுத்தது. தலையணை வைத்து நிமிர்த்தி, மாஸ்க்கைக் கட்டி, சுவிட்சைப் போட்டேன். வீடே அதிர்ந்தது. அவர் திடுக்கிட்டுக் கழற்றிவிடுவார் என்று என் கை அவர் கைக்குப் பக்கத்திலேயே இருந்தது. கழற்றவில்லை. தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். முப்பது வருடம் வத்தேகம பாதையில் பஸ் ஓட்டினவரில்லையா? இப்போதுகூட ஃபிரிட்ஜ் ஓடுகிறதா என்று காதை வைத்துக் கேட்டுவிட்டுத்தான் நம்புவார். இதை யோசித்துத்தான் நான் வாங்கினேன். ரிஸானாவிடம்கூட அந்தக் காரணத்தைச் சொல்லவில்லை.

மருந்து தீர்ந்ததும் நிறுத்தினேன். மாஸ்க் கட்டியிருந்த தடம் கன்னத்தில் இருக்க, ஒரே மூச்சில் ஒரு முழு வசனம் பேசினார்.

"இஞ்சின் நல்லா இருக்கு பெரியவளே, ஓடுறது காதுல கேட்டாத்தானே மனசுக்கு நம்பிக்கை."

அப்புறம் சுவரில் இருக்கிற உன் படத்தை ஒருதரம் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அவ வாங்கியிருந்தா சத்தமில்லாத ஒண்ணத்தான் வாங்கியிருப்பா. எனக்குத் தோதுப்பட்டிருக்காது. இத சின்னவகிட்ட சொல்லிராத, என்ன?"

"சொல்ல மாட்டேன் அப்பா," என்றேன். குசினிக்குப் போய்க் கிண்ணத்தைக் கழுவிக் காயவைக்க வெகுநேரம் பிடித்தது. நாற்பத்தாறு வருடம் காத்திருந்து கிடைத்த வார்த்தை. அப்போதுதான் எனக்கு ஒன்று தோன்றியது. என்னைப் பற்றியும் இப்படி உன்னிடம் குரலைத் தாழ்த்திச் சொல்லியிருப்பாரோ? "பெரியவகிட்ட சொல்லிராத" என்று எத்தனை தடவை? நீயும் வாக்குக் காப்பாற்றி, எல்லாவற்றையும் உன்னோடேயே கொண்டுபோய்விட்டாயா?

எனக்கு அந்த நல்ல குணமெல்லாம் கிடையாது. அப்பாவுக்குக் கொடுத்த வாக்கை ஒரு வாரம்கூட என்னால் காப்பாற்ற முடியவில்லை, இதோ எழுதிவிட்டேன். இனிமேல் அவர் என்னைப் புகழ்ந்து என்ன சொன்னாலும் ஒன்று விடாமல் உனக்குச் சொல்வேன், இது சத்தியம். நீ பொறாமைப்பட வேண்டும். நீ பொறாமைப்படாத எதுவும் எனக்குக் கிடைத்த மாதிரியே இல்லையடி.

உன் கூடப்பிறந்த அக்கா,
ஜெசிந்தா