சம்பந்தியம்மாவுக்கு அடித்த ஷாக்

உழவர்கரை
12 பிப்ரவரி 2006

அன்பு மகன் திதியேவுக்கு அப்பா எழுதுவது. மாதா புண்ணியத்தில் நானும் அம்மாவும் சௌக்கியம், அவளுடைய முழங்கால் வலியும் சௌக்கியமாகக் கூடவே இருக்கிறது. நீ ஸ்ட்ராஸ்பூர் குளிரில் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நம்புகிறோம்.

நீ போனில் சொன்ன சேதியால் இங்கே வீடே இரண்டுபட்டுவிட்டது. உனக்குப் பார்த்திருக்கும் அமாந்தின் வீட்டுக்குப் போய், காரைவிட்டு இறங்கின கையோடு அங்கத்து வழக்கப்படி அவள் அம்மாவுக்குக் கன்னத்தில் முத்தம் கொடுக்கப் போனாயாம், சுளீரென்று ஷாக் அடித்து அந்த அம்மாள் இரண்டடி பின்னால் போனாராம். நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். உன் அம்மா சிரிக்கவில்லை. சம்பந்தியைத் தொட்டாலே நெருப்பு பறக்குது, இது நல்ல சகுனமா, ஈஸ்டர் முடிஞ்சி வெச்சிருக்கிற நிச்சயதார்த்தத்த டிசம்பருக்குத் தள்ளுங்க, அந்தக் காரையும் வித்துடச் சொல்லுங்க என்று ஒரே பிடிவாதம். கோவிலில் மெழுகுவத்தியும் ஏற்றினாள், வீட்டுக்கு வந்து உன் போட்டோவுக்கு உப்பு மிளகாயும் சுற்றிப் போட்டாள்.

முப்பது வருஷம் லைன்மேனாக இருந்தவன் பேச்சு வீட்டில் எடுபடுமா? டிவியைப் போட்டு அவள் கையை இழுத்துத் திரைக்குப் பக்கத்தில் வைத்தேன். ரோமமெல்லாம் எழுந்து நின்றது, மாதாவே என்று உதறினாள். இதே சமாச்சாரம்தான், சீட்டில் துணி உரசி உடம்பில் மின்சாரம் சேருகிறது, நம் ஊர்க் காற்றின் ஈரம் அதைத் தங்கவிடாது, அங்கே குளிர்காலத்தில் காற்று காய்ந்து கிடப்பதால் அப்படியே தங்கி முதலில் தொடுகிற இடத்தில் பாய்கிறது என்று விளக்கினேன். சகுனப் பேச்சு நின்றது. அத்தோடு வாயை மூடியிருக்கலாம், நைலான் துணியென்றால் இன்னும் அதிகம் என்றும் உளறினேன். அவள் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். அப்புறம்தான் எனக்கு உறைத்தது. கிறிஸ்துமஸுக்கு அந்துவானெத் அத்தையிடம் கொடுத்தனுப்பினாளே உன் காருக்குச் சீட் கவர், அது நான் கல்யாணமான புதிதில் வாங்கிக் கொடுத்த நைலக்ஸ் சேலை! அந்த முழங்காலோடு பத்து நாள் மெஷினை மிதித்துத் தைத்தாள். பின்னாலேயே போய், நைலக்ஸ் வேறு நைலான் வேறு என்று கூசாமல் ஒரு பொய் சொன்னேன். நம்பிவிட்டாள்.

ஆகவே நீ கவரைக் கழற்றிவிடாதே, பாவம், மனசு உடைந்துபோவாள். இறங்குவதற்கு முன்பே கதவின் இரும்பைப் பிடித்துக்கொள், காலைத் தரையில் ஊன்றி எழுந்து நிற்கிறவரை விடாதே, அப்புறம் யாரை வேண்டுமானாலும் கொஞ்சு.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அம்மா காப்பியோடு வந்தாள். என்ன எழுதுகிறேன் என்று கேட்கவில்லை. சம்பந்தி வீட்டுக்குப் போறப்ப மட்டும் கவரக் கழட்டிடச் சொல்லுங்க, எனக்குப் போட்டோ அனுப்புறப்ப மாட்டிக்கட்டும் என்றாள். எனக்குத்தான் ஷாக். நிச்சயதார்த்தத்துக்குச் சம்பந்தியம்மாவுக்குச் சேலையும் எடுத்துவிட்டாளாம், சுத்தமான காட்டனாம்.

எல்லா ஆசீர்வாதமும் உனக்கும் அமாந்தினுக்கும். கதவை மறக்காதே.

உன் அப்பா,
லெயோன்