மதினி சொன்ன ஜப்பான்

என் அன்பு மதினிக்கு,

நீங்கள் போய் இன்றோடு ஒன்பது நாள். பருத்தி இரண்டாம் எடுப்பு நடக்கிறது. உங்கள் நிரையில் இறங்க ஆட்களுக்கு மனசில்லை, நான்தான் எடுக்கிறேன். பாதிப் பஞ்சைச் செடியிலேயே விட்டுவிடுகிறேனாம், சிரிக்கிறார்கள்.

கல்யாணமான நான்காம் மாதம் அண்ணன் மலேயாவுக்கு ரப்பர் தோட்ட வேலைக்குக் கப்பலேறினார். பின்னாலேயே சண்டை வந்தது. ஜப்பான்காரன் அவரைச் சயாமுக்கு ரயில் பாதை போட இழுத்துப் போனான் என்பதோடு செய்தி நின்றுவிட்டது. அதற்கப்புறம்தான் நீங்கள் பருத்திக்காட்டில் வேறொரு ஜப்பானை உண்டாக்கினீர்கள்.

அந்த ஜப்பானில் ராஜா பட்டாளத்தைப் பாதிக் கடலிலேயே திருப்பிக் கூப்பிட்டுவிடுவான். "ஊரான் சீமை நமக்கெதுக்கு? போயித் தறியப் போடுங்கடா" என்பான். துப்பாக்கி ஏற்றிய கப்பலில் சேலை ஏற்றி அனுப்புவான். அண்ணன் மறு மாசியில் தகரப்பெட்டியோடு திருச்சுழியில் வந்து இறங்குவார். அந்தக் கதையிலேயே உங்களுக்கு இரண்டு பெண் பிள்ளைகள் பிறந்து, மூத்தவளுக்கு மாப்பிள்ளை பார்ப்பது வரைக்கும் வந்துவிட்டீர்கள்.

"அம்புட்டுப் பெரிய ராஜா எதுக்கு மதினி மனசு மாறுனான்?" என்று சீண்டுவேன்.

"பட்டாளத்துல செத்தவுக பொண்டாட்டிமாரு அரமனை வாசல்ல போயி உக்காந்துட்டாக. ஒருத்தியும் எந்திரிக்கல. அவனுக்குச் சோறு எறங்குமா?" என்பீர்கள். கை அதுபாட்டுக்குப் பஞ்செடுக்கும்.

அறுபத்தொன்றாம் வருஷம் மலேயாவிலிருந்து ஊர் திரும்பிய, வீரசோழன் ஊர்க்கார ராவுத்தர் ஒருவர் நம் வீட்டுக்கு வந்தாரே, அவர் என்னை வேலியோரம் கூட்டிப்போய்ச் சொன்னார். "தம்பி, ஒங்க அண்ணன் சயாம் காட்டுலயே காய்ச்சல்ல போயிட்டாரு. நாந்தான் குழி வெட்டுனேன்."

உங்கள் கையால் மோர் வாங்கிக் குடித்துவிட்டு அவர் போனபின் கேட்டீர்கள். "அவுகளப் பாத்தாராமா?"

"இல்ல மதினி. இவரு இருந்தது வேற தோட்டமாம்."

அம்மா தாங்க மாட்டாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதிதான் உண்மை. நம்மில் அறுத்துக்கட்டும் வழக்கம் உண்டு, புருஷன் செத்தவள் மறுதாலி கட்டிக்கொள்ளலாம். செத்த செய்தி வராதவளுக்கு அது இல்லை. பெண்டாட்டியை இழந்த உங்கள் மாமன் மகன், காரியாபட்டிக் கடைக்கார அண்ணன், அந்த ஒரு செய்திக்காகத்தான் காத்திருந்தார். நீங்களும் அவரை வேண்டாமென்று சொன்னதில்லை. சொன்னால் நீங்கள் போய்விடுவீர்கள். படுக்கையில் கிடந்த அம்மாவை யார் பார்ப்பது, காட்டை யார் பார்ப்பது, கைக்குழந்தையோடு திண்டாடும் என் பெண்டாட்டிக்கு யார் துணை? உங்களுக்கு அப்போது முப்பத்தாறு வயது.

மறு வருஷமே அம்மா போனாள். அப்போதாவது சொல்லியிருக்கலாம். நாளாக ஆக வாய் வரவில்லை.

ராவுத்தர் வந்து போனபிறகு நீங்கள் ஜப்பான் பேச்சை எடுக்கவே இல்லை. தெரிந்துவிட்டதா மதினி? தெரிந்துதான் இத்தனை வருஷம் எனக்குச் சோறு போட்டீர்களா?

இப்போது நீங்கள் சொன்ன ஜப்பான்தான் வந்திருக்கிறது. அருப்புக்கோட்டைக் கடையில் அந்த ஊர்ச் சேலை தொங்குகிறது, அந்த ஊர் ரேடியோ பாடுகிறது. இந்தப் புத்தி அவனுக்கு முன்னாலேயே வந்திருக்கக் கூடாதா? எனக்குந்தான்.

பூவும் பொட்டுமாக உங்களைத் தூக்கினோம். "மகராசி, சுமங்கலியாப் போறா" என்று பெண்கள் குலவையிட்டார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். காரியாபட்டி அண்ணன் ஒதுங்கி நின்றார். தலை முழுக்க நரைத்துவிட்டது, அவர் அப்புறம் யாரையும் கட்டவில்லை. கிளம்பும்போது என் கையைப் பிடித்தார்.

"கடைசி வரைக்கும் ஒரு சேதியும் வரலையாப்பா?"

"வரலண்ணே" என்றேன். உங்களைச் சுட்ட சாம்பல்கூட ஆறவில்லை, மதினி.

பதினாறாம் நாள் காரியத்தில் எல்லார் முன்னும் சொல்லிவிடுவேன். அதற்கு முன், நாளைக் காலைப் பஸ்ஸில் காரியாபட்டி போகிறேன். அவரிடம்தான் முதலில் சொல்ல வேண்டும், இது சத்தியம். அடித்தால் பட்டுக்கொள்வேன். மன்னிப்பு மட்டும் அவரிடம் கேட்க மாட்டேன். அதைத் தர வேண்டியவர் நீங்கள், நீங்கள்தான் இல்லையே.

உங்கள் கையால் உண்டு, உங்கள் வாழ்வையும் தின்ற
கொழுந்தன்